வில்லேறும் வழக்கு

கன்னியாகுமரி மாவட்டப் பள்ளி மேடைகளில் சாதி வேற்றுமை, பெண்கல்வி முதலியவற்றை மாணவர் வில்லுப்பாட்டாகக் கட்டிப் பாடுவது, அநீதியாய்க் கொலையுண்டோர் தெய்வமான கதைகளை அம்மன், மாடன் கோயில் கொடை விழாக்களில் பாடிவரும் நாஞ்சில் நாட்டு மரபுக்கு மிக இயல்பானது. குடத்தின்மேல் கிடத்திய வில்லின் நாணை வீசுகோல் என்னும் சிறுகோல்களால் தட்ட, கட்டிய மணிகள் குலுங்க, புலவர் எனப்படும் முதன்மைப் பாடகர் சொல்வதற்குப் பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவதோடு கேட்போரின் ஐயத்தையும் இடையிட்டு எழுப்புவதால், அறிவுரை அங்கே வழக்காடலாக உயிர்பெறுகிறது. இக்கலையின் பேரழகு இதுவே. புதிய பொருளும் வில்லுக்கு அயலானதன்று: ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தியின் வாழ்வையே வில்லில் பாடினார். 1859-இல் திருவிதாங்கூர் அரசாணை நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமையை வரம்புகளோடு மட்டுமே வழங்கக் காரணமான தோள்சீலைப் போராட்டத்தைவிட, இம்மாணவர் வில்லுக்குப் பொருந்தும் உள்ளூர்க் கதை வேறில்லை.