அரிச்சுவடியிற் படமும் சொல்லும்

சிறுவர்க்கு எழுத்தறிவிக்கும் நூல்களிற் படம் இடம்பெறுதல் இன்று எழுதா விதியாகிவிட்டது. படம் இருப்பின் பிள்ளை எளிதிற் கற்கும் என்பதே அதற்குக் கூறப்படும் நியாயம். ஆயின், அப்படம் எதனைக் கற்பிக்கின்றது என வினவுவோர் சிலரே.

‘ஔ’ என்னும் எழுத்துக்கு ஔடதத்தையோ ஔவையாரையோ காட்டுவது நம் அரிச்சுவடிகளின் வழக்கம். ஔடதத்துக்கு வரையப்படுவது ஒரு போத்தல். அதனைக் காணும் பாலர் வகுப்புப் பிள்ளை ‘மருந்து’ என்றே கூறும். கோலூன்றி நிற்கும் ஔவையார் அதற்கு வெறும் ‘ஆச்சி’. ஆய்த எழுத்துக்குரிய எஃகு ‘இரும்பு’ ஆகிவிடுகின்றது. படம் ஒரு சொல்லை அழைக்க, எழுத்து வேறொரு சொல்லை வேண்டி நிற்கின்றது. ஆசிரியர் திருத்துகின்றார், பிள்ளை ஒப்புவிக்கின்றது. ஈண்டு நிகழ்வது மனனமேயன்றி வாசிப்பு அன்று.

கனடிய உளவியலாளர் அலன் பேவியோ 1971இல் வெளியிட்ட நூலில், மனம் செய்திகளைச் சொல்வடிவிலும் படிமவடிவிலுமாக இரு வழிகளிற் பேணுகின்றது என வாதிட்டார். இரண்டும் இணைந்து பதியுமிடத்து நினைவு வலுப்பெறும் என்பது அதன் சாரம். எழுத்தறிவித்தலில் அவ்விணைப்பு நிகழ்வதற்குப் படத்தின் பெயர் பிள்ளையின் நாவில் ஏலவே இருத்தல் வேண்டும் என்பது எம் துணிபு.

1658இல் நியூரம்பேர்க்கில் வெளிவந்த கொமேனியஸின் இலத்தீன்–ஜேர்மன் படநூல் இவ்விடர்ப்பாட்டை வேறொரு வழியால் தவிர்த்தது. அதன் தொடக்கத்திலுள்ள நெடுங்கணக்கிற் காகம் கரைவது ஓர் எழுத்தின் ஒலி. ஆட்டுக்குட்டி கத்துவது மற்றோர் எழுத்தின் ஒலி. படத்தைக் கண்டு பிள்ளை எழுப்பும் ஓசையே எழுத்தின் ஓசையாகிவிடுகின்றது.

அவ்வாறாயின், பிள்ளை அறியாத சொற்களைக் கற்பிக்கலாகாதோ எனச் சிலர் வினவலாம். கற்பிக்கலாம், அதற்குரிய களம் வேறு. சூசன் கேரியும் எல்சா பார்ட்லெட்டும் 1978இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நீலத் தட்டை விடுத்துக் ‘குரோமியம்’ தட்டைக் கொண்டுவருமாறு பாலர்கள் கேட்கப்பட்டனர். அது அவர்கள் அதுவரை அறியாத நிறப்பெயர். விளக்கமோ ஒப்புவித்தலோ இருக்கவில்லை. எனினும், நாட்கள் சில கழிந்த பின்பும் அச்சொல்லின் சுவடு பலரிடம் எஞ்சியிருந்தது. ஔடதமும் எஃகும் அவ்வாறே கதையிலும் பேச்சிலும் செயலிலும் பிள்ளையை வந்தடையட்டும்.

நெடுங்கணக்கின் கட்டங்கள் யாவற்றையும் படத்தால் நிரப்ப வேண்டும் என்பது நூலாக்குநரின் தேவையே. பொருத்தமான சொல் கிடையாதவிடத்து எழுத்தைத் தனியே நிற்கவிடுதல் நன்று. போத்தலைக் கண்டு ‘மருந்து’ என்ற பிள்ளை படத்தைச் சரியாகவே வாசித்தது. தன் முதல் நூலின் முதல் வாசிப்பிலேயே அது பிழை கூறியதாகத் திருத்தப்படுவது சிறிய தீங்கு அன்று.