மூட்டையை அவிழ்க்கச் சொன்ன மரியாதை

நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று ஞாபகமிருக்கும். ஒரு காலத்தில் அதுதான் திருவிதாங்கூரின் கிழக்கு வாசல். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் நம்மோடு சேரும்வரை எல்லையும் அதுவே. வண்டியை நிறுத்துவார்கள், மூட்டையை அவிழ்க்கச் சொல்வார்கள். எரிச்சல்தான். ஆனால் சோதிப்பது யார், எதற்கு என்று வண்டிக்காரருக்குத் தெரியும். பிடிக்காவிட்டால் மாட்டைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம்.

இன்டர்நெட்டில் இந்த மரியாதை கிடையாது.

2018-ல் பிரிட்டனின் ஹாலிஃபாக்ஸ் வங்கி மாட்டிக்கொண்டது. அதன் லாகின் பக்கத்தை எட்டிப் பார்த்தாலே போதும். வாடிக்கையாளரா, வழிப்போக்கரா என்று பாராமல் அவருடைய கம்ப்யூட்டரைத் துழாவியது. கேட்டதற்கு, வைரஸ் மாதிரியான வில்லங்கம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்றார்கள். 2020 மே மாதம் ஈபே தளமும் இதையே செய்வது தெரியவந்தது.

எப்படிச் செய்கிறார்கள்? உங்கள் கம்ப்யூட்டரில் 'போர்ட்' எனப்படும் கதவுகள் அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம். பக்கத்தோடு சேர்ந்து இறங்கும் ஒரு குட்டி புரோகிராம், உள்ளே இருந்தபடியே சில கதவுகளைத் தட்டுகிறது. ஈபே தட்டியது 14. டீம்வியூவர் மாதிரி, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள் ஓடினால் அந்தக் கதவு திறந்திருக்கும். அப்படியென்றால் திருடன் உள்ளே இருக்கலாம் என்பது கணக்கு.

கணக்கு தப்பில்லை. இந்த வகை மென்பொருளை வைத்து இங்கேயும் பணம் போயிருக்கிறது. எனிடெஸ்க் பற்றி 2019-ல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. ஆனால் பெங்களூரிலிருந்து அப்பாவின் கம்ப்யூட்டரைச் சரிசெய்கிற மகனும் இதைத்தானே பயன்படுத்துகிறான்? வெளியில் நின்று பார்க்கும் தளத்துக்குத் திருடனும் மகனும் ஒன்றுதான். அதோடு, வீட்டில் என்னென்ன மென்பொருள் ஓடுகிறது என்ற குறிப்பு நம்மிடம் சொல்லாமலே வெளியே போகிறது. யாரிடம், எத்தனை நாளுக்கு? அதையும் சொல்வதில்லை.

ஆரல்வாய்மொழியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் நண்பரிடம் இதை விளக்கினேன். "அண்ணாச்சி, கடைக்கு வாற ஆளுக்க பையப் பாக்கலாம். அவனுக்க வீட்டுக்குள்ள போயி கதவத் தட்டிப் பாத்தா சும்மா விடுவானா?" என்றார்.

எனக்குச் சட்டமும் அப்படித்தான் படுகிறது. 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43-வது பிரிவு: உரிமையாளர் அனுமதியில்லாமல் அவர் கம்ப்யூட்டரை அணுகக் கூடாது. தட்டுவது நுழைவதாகுமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும் என்ன எடுக்கிறாய், எதற்கு என்று சொல்லிக் கேள் என்கிறது.

வங்கி சோதிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பணமும் அங்கேதான் இருக்கிறது. பணம் அனுப்பும்போது, 'உங்கள் கம்ப்யூட்டரில் இதைப் பார்க்கப் போகிறோம், சரியா?' என்று தமிழில் ஒரு வரி போட்டால் பெரும்பாலோர் சரி என்றுதான் சொல்வோம். எட்டிப் பார்க்க வந்தவரை விட்டுவிடலாம்.

எல்லைக் காவலர்கூட மூட்டையை அவிழ்க்கச் சொல்லிவிட்டுத்தான் கையை விட்டார்.