ஆப்பர்ச்சூனிட்டியோடு போனவர்கள்

2004 ஜனவரியில் செவ்வாயின் மெரிடியானி சமவெளியில் இறங்கிய ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தியிடம் எதிர்பார்த்தது 90 செவ்வாய் நாள் உழைப்பு. 2018 ஜூனில் புழுதிப்புயல் சூழும்வரை அது உழைத்தது. 45 கிலோமீட்டர் ஓடியது. அது அனுப்பிய படங்கள் வழியே அதைத் தொடர்ந்து போனவர்களில் விஞ்ஞானிகள் அல்லாதவர்களும் உண்டு. எனக்கு அவர்கள்மேல்தான் கூடுதல் பிரியம்.

நாசா ஒரு நல்ல காரியம் செய்தது. வந்த படங்களை மெருகேற்றாமல், அதிகம் தாமதிக்காமல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. வெவ்வேறு நிற வடிகட்டிகள் வழியாக எடுத்த கருப்பு வெள்ளைப் படங்கள் அவை. ஆர்வலர்கள் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி வண்ணம் வரவழைத்தார்கள். பக்கத்துப் படங்களோடு, நல்ல தையல்காரர் துணியை இணைப்பதுபோல, ஒட்டுத் தெரியாமல் சேர்த்து அகலக் காட்சிகளாக்கினார்கள். ஊர்தி போன வழியை வரைபடத்தில் குறித்து வந்தார்கள். கூலியில்லாத வேலை, ஆனாலும் என்ன நேர்த்தி!

2005இல் மணல்மேட்டில் சக்கரங்கள் புதைந்து ஊர்தி ஐந்து வாரத்துக்கு மேல் சிக்கிக் கிடந்தது. விக்டோரியா பள்ளத்திலிருந்து 2008இல் கிளம்பி எண்டவர் பள்ளத்தின் விளிம்பை எட்ட ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். தொடுவானத்தில் மங்கலாகத் தெரிந்த மேடுகள் படத்துக்குப் படம் வளர்ந்ததை விடாமல் பார்த்தவர்களின் பொறுமையை நான் பெரிய ரசனை என்பேன்.

செவ்வாயில் பின்னர் இறங்கிய கியூரியாசிட்டி, பெர்சிவரன்ஸ் ஊர்திகளின் படங்களையும் நாசா இலவசமாகவே தருகிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள்.