வைவாவில் "மாத்திக் காட்டு" என்று கேட்பது

ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பிஎஸ் படிப்பை 2020-ல் அறிவித்தார்கள், 2021 ஜனவரியில் வகுப்பு தொடங்கியது. ஜேஇஇ வேண்டாம், அவர்களே நடத்தும் தகுதிச் சுற்றில் தேறினால் போதும். அதனால் எங்க வேங்கிக்கால் மாதிரி ஊரிலிருந்தும் அதைப் படிக்க முடிகிறது. டிப்ளமோ கட்டத்தில் 'மாடர்ன் அப்ளிகேஷன் டெவலப்மெண்ட்' பாடத்தோடு தனியாக ஒரு ப்ராஜெக்ட் உண்டு. குழு கிடையாது, ஒருத்தரே முழுசாகச் செய்யணும். நம்ம பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு ப்ராஜெக்டை மூணு நாலு பேர் சேர்ந்து செய்வார்கள், அதில் ஒருத்தர் எழுதுவார், மத்தவங்க பைண்டிங் செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த எனக்கு இந்த விதிகளைப் படிக்க சுவாரசியமாக இருந்தது.

2025-ல் கொடுத்த ஒரு கேள்வி, கார் பார்க்கிங் ஆப். நிர்வாகி ஒரு பார்க்கிங் லாட் உருவாக்கினால், அதன் கொள்ளளவுக்கு ஏற்ற இடங்கள் தானாக உருவாகணும். பயனர் தனக்குப் பிடித்த இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது, காலியாக இருக்கும் முதல் இடத்தை ஆப்பே ஒதுக்கும். எல்லா இடமும் காலியாக இருந்தால்தான் லாட்டை நீக்கலாம். (பௌர்ணமி அன்று கிரிவலத்துக்கு வரும் கார்களை ஊருக்கு வெளியே நிறுத்தச் சொல்லும் போலீஸ்காரருக்கு இந்த ஆப்பைக் காட்டணும்னு தோணிச்சு.) ஃப்ளாஸ்க், ஜின்ஜா, பூட்ஸ்ட்ராப், எஸ்கியூலைட் என்று கருவிகளும் தீர்மானிக்கப்பட்டவை. டேட்டாபேஸை நிரல் வழியாகத்தான் உருவாக்கணும், தனி மென்பொருளில் கையால் செய்து ஒட்டக்கூடாது. எல்லாம் மாணவரின் சொந்த கணினியிலேயே ஓடிக் காட்டணும்.

இவ்வளவு கட்டுப்பாடு எதுக்கு என்று கேட்கலாம். எனக்கு இது சரியாகவே படுகிறது. திருத்துகிறவர் ஜிப் கோப்பைப் பிரித்து ஓட்டினால் அவர் கணினியிலும் அதே ஆப் எழுந்து நிற்கணும் இல்லையா?

ஆனால் இதே கட்டுப்பாடு இன்னொரு விதியைப் பலவீனமாக்குகிறது. ஒவ்வொரு சமர்ப்பிப்பையும் காப்பி அடித்ததா என்று சோதிப்பார்கள். கேள்வியும் ஒன்று, கருவியும் ஒன்று என்றால் நேர்மையாக எழுதிய ரெண்டு பேரின் லாகின் பக்கம் எவ்வளவுதான் வேறுபடும்? மறுபக்கம், ஏஐயிடம் கேட்டு வாங்கிய நிரல் யாருடையதோடும் அப்படியே பொருந்தாது. ஆக, ஒற்றுமையைத் தேடும் சோதனை பக்கத்து அறை நண்பனிடம் வாங்கியவரைப் பிடிக்கும், மிஷினிடம் வாங்கியவரை விட்டுவிடும்.

இந்த ஓட்டையை அடைப்பது வைவா விதியில் இருக்கும் ஒரே ஒரு வரி. மாணவர் டெமோ காட்டும்போது, கேட்கும் மாற்றத்தை நிரலில் செய்து அங்கேயே ஓட்டிக் காட்டணும். எனக்குத் தெரிந்த புரோகிராமிங் மதிப்பீட்டு விதிகளில் இதுதான் ஆகச் சிறந்தது.

ஏன்னு ஒரு உதாரணம். "பயனர் அட்டவணையில் போன் நம்பருக்கு ஒரு நெடுவரிசை சேருங்க" என்று கேட்கிறார்கள் என வைப்போம். மாடல் கோப்பில் ஒரு வரி, அவ்வளவுதான். சேர்த்து ஓட்டினால் 'அப்படி ஒரு நெடுவரிசை இல்லை' என்று பிழை வரும். ஏன்னா எஸ்கியூஎல்ஆல்கெமியின் கிரியேட்-ஆல் இல்லாத அட்டவணையை உருவாக்குமே தவிர, ஏற்கனவே இருப்பதைத் திருத்தாது. தானாக எழுதியவருக்கு இது முன்னாடியே நாலு தடவை நடந்திருக்கும். பழைய டேட்டாபேஸ் கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுவார், அல்லது ஆல்டர் டேபிள் போடுவார். காசு கொடுத்து வாங்கியவர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். ரெண்டே நிமிஷம், ஒரு பைசா செலவில்லாத சோதனை.

என் குறையும் இங்கேதான். வைவாவில் இந்த மாற்றத்தோடு வாய்வழிக் கேள்விகளும் உண்டு, ப்ராஜெக்டுக்கு நேரடி சம்பந்தமில்லாத பாடக் கேள்விகள் உட்பட. பாடம் ஆங்கிலத்தில். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த பெண் அந்தப் பிழையைச் சரிசெய்துவிடுவாள், ஆனால் "வொய்?" என்று கேட்டால் திணறுவாள். சரளமாகப் பேசும் பையனோ நிரலைத் தொடாமலேயே அழகாக விளக்கிவிடுவான். தெரிந்தவர் யார், தெரிந்த மாதிரிப் பேசுகிறவர் யார் என்று பிரிப்பதுதானே வைவாவின் வேலை? கேள்விகள் முதலில் வந்தால் அந்த வேலை கெட்டுப்போகிறது, பேச்சு ஏற்படுத்தும் அபிப்ராயம் பிறகு மாறுவது கஷ்டம்.

மாற்றத்தை முதலில் கேட்கலாம், விளக்கத்தை அது ஓடின பிறகு கேட்கலாம். அப்போது அவள் முன்னால் ஓடுகிற நிரல் இருக்கும், வரியைச் சுட்டிக்காட்டி அரைகுறை ஆங்கிலத்திலேயே சொல்லிவிடலாம். மாற்றத்துக்கு எவ்வளவு, பேச்சுக்கு எவ்வளவு என்று மதிப்பெண்ணைப் பிரித்து கேள்வித்தாளிலேயே போட்டுவிட்டால் இன்னும் நல்லது. டெமோ வீடியோவுக்கு எத்தனை விநாடியில் எதைச் சொல்லணும் என்றுகூட எழுதியிருக்கிறார்கள்.