பழி சுமக்கும் படை

'விடுதலை' முதல் பாகத்தை 2023இல் பெரம்பலூரில் பார்த்துவிட்டு ரஞ்சன்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த மாமா சொன்னார்: "ஸ்பெஷல் போலீஸ்னா அப்படித்தான்டா. நம்ம ஸ்டேஷன் போலீஸ் இந்த அளவுக்குப் போகமாட்டான்." படத்தின் மேல் எனக்கிருக்கும் மரியாதையும் மனத்தாங்கலும் அந்தப் பேச்சில்தான் முடிச்சிட்டுக் கிடக்கின்றன.

படம் ரயில் வெடிப்பில் தொடங்குகிறது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு 1987 மார்ச்சில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் நடந்தது உடனே ஞாபகம் வரும். பிறகு மலை முகாம், ராகவேந்தர், நிர்வாணமாக்கி விசாரிக்கப்படும் பெண்கள். பார்த்த பலரும் "வாச்சாத்தி" என்றார்கள். நானும்தான்.

ஆனால் 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்திக்குள் புகுந்தவர்கள் யார்? வழக்கில் 269 பேர் குற்றம்சாட்டப்பட்டார்கள். 2011இல் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை கிடைத்தது. வனத்துறை 126, காவல்துறை 84, வருவாய்த்துறை 5. நாம் தினமும் மனு கொடுக்கப் போகும் அலுவலகங்களின் பெயர்கள் இவை.

அயர்லாந்தில் இதே கதை வேறு விதமாக நடந்தது. 1920இல் அங்கே போராட்டத்தை அடக்க பிரிட்டிஷ் முன்னாள் சிப்பாய்களை போலீஸில் சேர்த்தார்கள். சீருடை பற்றாததால் பாதி காக்கி, பாதி கறுப்பு. அதனால் 'பிளாக் அண்ட் டான்ஸ்' என்று பெயர். அந்த டிசம்பரில் கார்க் நகரத்தைக் கொளுத்தியவர்கள் பெரும்பாலும் 'ஆக்ஸிலரி' என்ற இன்னொரு பிரிவினர். ஆனாலும் பழி இந்தப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. கெட்ட பெயர் அப்படித்தான், பக்கத்தில் இருப்பவனின் பாவத்தையும் இழுத்துக்கொள்ளும். 2020இல் அயர்லாந்து அரசு பழைய போலீஸுக்கு நினைவு நிகழ்ச்சி நடத்தப் பார்த்தது. இது பிளாக் அண்ட் டான்ஸுக்கு இல்லை, சாதாரண போலீஸுக்குத்தான் என்றது. அவர்களும் அதே போலீஸில் சம்பளம் வாங்கியவர்கள்தானே என்று ஜனங்கள் கேட்டார்கள். நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டது.

அந்தக் கேள்வியை 'விடுதலை' பாதிதான் கேட்கிறது. மேல்நோக்கிச் சரியாகவே போகிறது. தலைமைச் செயலாளரின் அறை வரை கேமரா நுழைகிறது, அந்தத் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பக்கவாட்டில்தான் அது திரும்பவில்லை. கொடுமை மலைமேல், தனி முகாமுக்குள், ஒரு குரூர அதிகாரியின் கையில் அடங்கிவிடுகிறது. மனசாட்சி உள்ளவனாகக் குமரேசனும் இருக்கிறான். பார்க்கிறவன் அழுகிறான், ஆனால் மலையை விட்டு இறங்கியதும் பயம் போய்விடுகிறது. கீழே இருப்பது 'நம்ம' போலீஸ் ஆகிவிடுகிறது.

போன வாரம் கோட்டைக்குப் பக்கத்தில் டீ குடிக்கும்போது மாமாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். வனத்துறை, போலீஸ் என்றபோது தலையாட்டினார். கடைசி 5 பேரைச் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரெவின்யூக்காரனுமாடா?" என்றார்.