ஊர் எப்போது கதையாகிறது?

திண்டுக்கல் சமவெளியில் கதை எழுதத் தொடங்கும் ஒருவர் காதில் இரண்டு அறிவுரைகள் விழுந்துகொண்டே இருக்கும். பத்திரிகையும் பதிப்பகமும் சென்னையில்தான் இருக்கின்றன, அங்கே போய்ச் சேர் என்பது ஒன்று. பிறந்த மண்ணை எழுது, அதற்குமேல் எதுவும் வேண்டாம் என்பது மற்றொன்று. முதல் அறிவுரை பழையது, அதை நம்புகிறவர்கள் குறைந்துவருகிறார்கள். இரண்டாவதுதான் இன்று செல்வாக்கோடு இருக்கிறது. புதிதாக எழுதுகிறவரைக் கெடுப்பதும் பெரும்பாலும் அதுதான். ஊரில் பிறந்துவிட்டதாலேயே ஊர் தனக்குத் தெரியும் என்ற எண்ணத்தை அது வளர்க்கிறது. இந்த வட்டாரத்திலிருந்து தமிழ்ப் புனைகதைக்குக் கிடைத்த நல்ல படைப்புகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் வேறொன்று தெரியவரும். அவற்றை எழுதியவர்கள் யாருக்கும் ஊர் சும்மா கிடைத்துவிடவில்லை. பார்த்தும் கேட்டும், படித்தும் அடித்துத் திருத்தியும்தான் அவர்கள் அதைப் பெற்றார்கள்.

வத்தலக்குண்டிலிருந்து தொடங்கலாம். கொடைக்கானல் மலையடிவாரத்தில் இருக்கும் இந்தச் சிற்றூர் அறுபது ஆண்டுகளுக்குள் மூன்று பெரிய பெயர்களைத் தமிழுக்குத் தந்தது. 1872-ல் பிறந்த பி.ஆர். ராஜம் ஐயர், ‘விவேக சிந்தாமணி’ இதழில் 1893 முதல் ‘கமலாம்பாள் சரித்திர’த்தைத் தொடராக எழுதியபோது அவருக்கு இருபது வயதுதான் கடந்திருந்தது. 1905-ல் பிறந்த பி.எஸ். ராமையா கல்லூரிப் பக்கம் போனவர் அல்லர். ‘ஆனந்த விகடன்’ சிறுகதைப் போட்டிக்கு எழுதிய கதைதான் அவரை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தது. 1912-ல் சின்னமனூரில் பிறந்து வத்தலக்குண்டில் வளர்ந்தவர் சி.சு. செல்லப்பா. மூவருமே சென்னைக்குப் போனவர்கள்தானே என்று கேட்கலாம். உண்மைதான். அச்சு இயந்திரமும் இதழ்களும் அன்று அங்கே குவிந்திருந்தன. ஆனால் அவர்கள் எழுதியதில் இன்றும் உயிரோடு நிற்கும் பகுதிகள் எவை என்று பாருங்கள். ராஜம் ஐயர் நாவலின் முற்பகுதியில் மதுரைச் சீமைக் கிராமத்தின் வம்புப் பேச்சும், அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ் வாத்தியாரின் பேச்சும் நூற்று முப்பது ஆண்டுகள் கழித்தும் காதில் கேட்கின்றன. பிற்பகுதியில் நாவல் வேதாந்தத்துக்குத் திரும்பும்போது அந்தக் குரல்கள் மங்கிவிடுகின்றன. கம்பனையும் ஆங்கிலக் கவிஞர்களையும் கரைத்துக் குடித்திருந்த இளைஞர் அவர். அந்தப் படிப்பு, கிராமத்தைத் தள்ளி நின்று பார்க்கும் கண்ணை அவருக்குக் கொடுத்தபோது நாவல் வென்றது. அதே படிப்பு முடிவுகளைச் சொல்லப் புறப்பட்டபோது தளர்ந்தது. முதல் நாவல் எழுதுகிறவர் இந்த ஒரு நூலின் இரு பாதிகளையும் ஒப்பிட்டுப் படித்தாலே போதும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது பிடிபடும்.

செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ இன்னும் கூர்மையான சான்று. 1959-ல் நூலாக வந்த இந்தச் சின்ன நாவல் ஒரே ஒரு பிற்பகலில் நடந்து முடிகிறது. தன் தகப்பனைக் குத்திக் கொன்ற காரி என்ற காளையை அணைய வந்த பிச்சி, அவனோடு வந்த மருதன், வாடிவாசலில் நின்று பேச்சுக் கொடுக்கும் ஒரு கிழவர், காளைக்குச் சொந்தக்காரரான ஜமீன்தார் என்று பாத்திரங்கள் சிலரே. செல்லப்பா மாடு பிடிக்கும் சமூகத்தில் பிறந்தவர் இல்லை. அவர் பார்வையாளர். ஆனாலும் எந்த மாடு எப்படித் திரும்பும், கொம்பு எந்தப் பக்கம் வாங்கும், திமிலில் கை விழும்போது கால் எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. அந்த அறிவை அவர் ஓரிடத்திலும் விளக்கவுரையாக வைக்கவில்லை. கிழவரின் வாயில் வரும் பேச்சாகவும் பிச்சியின் உடம்பின் அசைவாகவும் மாற்றிவிட்டார். ஜமீன்தாரின் அந்தஸ்து மாட்டின் கொம்பில் ஏறி உட்கார்ந்திருப்பதை வாசகர் தாமாகவே உணர்கிறார். அதனால்தான், தோற்ற காளையை ஜமீன்தார் சுட்டுக் கொல்லும் இடத்தில் ஆசிரியர் ஒரு வார்த்தைகூட உபதேசம் செய்யத் தேவைப்படவில்லை. சல்லிக்கட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி நாவலுக்கு வெளியே நின்றிருக்கும் என்று ஊகிக்கலாம். விட்டது அதிகம் என்பதால்தான் வைத்ததற்கு அவ்வளவு கனம்.

இன்னொரு சான்று திண்டுக்கல் நகருக்குள்ளேயே இருக்கிறது. டி. செல்வராஜ் 1938-ல் திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்தவர், வழக்கறிஞராகத் திண்டுக்கல்லில் வாழ்ந்தவர். பேகம்பூர் உள்ளிட்ட பகுதிகளின் தோல் பதனிடும் தொழிலாளர்களின் வாழ்வையும் அவர்களின் சங்கப் போராட்டங்களையும் வைத்து அவர் எழுதிய ‘தோல்’ நாவல் 2012-ல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. மண்ணின் மைந்தர்தான் மண்ணை எழுத முடியும் என்ற வாதத்துக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டியதில்லை. சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நிற்பவனின் காலும் கையும் என்ன ஆகும், முன்பணம் வாங்கியவன் எப்படிக் கட்டுண்டு கிடப்பான் என்பவற்றை வெளியூரிலிருந்து வந்த ஒருவர் எழுதினார். ஊரில் பிறந்தவர்களில் எத்தனையோ பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன தெருக்கள் அவை. பழக்கம் கண்ணை மூடிவிடும், வேலை நிமித்தமாக வருகிறவர் கேட்டுத் தெரிந்துகொள்வார். ‘தோல்’ அளவில் பெரியது. வரலாற்றைச் சொல்லும் அவசரத்தில் சில இடங்களில் மனிதர்கள் பின்னுக்குப் போகிறார்கள் என்பது என் கருத்து. ‘வாடிவாசல்’ காட்டும் சிக்கனம் அதில் இல்லை. ஆனால் அதன் அகலம் ‘வாடிவாசலுக்கு’க் கிடையாது. புதிதாக எழுதுகிறவர் இரண்டையும் படித்துவிட்டுத் தமக்கு எது இயல்பாக வருகிறது என்று முடிவு செய்யட்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ராஜம் ஐயரும் செல்லப்பாவும் படிப்பும் தொடர்பும் வாய்த்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு, நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அவர்களை எடுத்துக்காட்டாகச் சொல்வது நியாயமா? நியாயமான கேள்வி, மழுப்பிவிடக் கூடாது. ஆனால் கடந்த ஐம்பது ஆண்டுத் தமிழ்ப் புனைகதையின் வரலாறே அதற்குப் பதில் சொல்லிவிட்டது. பூமணியின் ‘பிறகு’ 1979-ல் வந்தது, பாமாவின் ‘கருக்கு’ 1992-ல், இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994-ல். இவர்கள் எழுதவந்த பிறகு தமிழ் நாவலின் மொழியே மாறியது. இவர்களுக்கும் பிறப்பு மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. கேட்டு வளர்ந்த பேச்சைத் தாளில் எப்படி நிறுத்துவது என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வட்டார வழக்கை அப்படியே பதிவுசெய்தால் கதையாகிவிடும் என்று நினைப்பவர்கள் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் நின்றுபோகிறார்கள். ஒருவர் பேசும்போது எங்கே நிறுத்துகிறார், எதைச் சொல்லாமல் விழுங்குகிறார் என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. அதற்குக் காதும் வேண்டும், படிப்பும் வேண்டும். அண்டை மொழி நாவல்களை மொழிபெயர்ப்பில் படிக்காமல், புதுமைப்பித்தனையும் கு. அழகிரிசாமியையும் கி. ராஜநாராயணனையும் படிக்காமல் எழுதவருகிறவர், அவர்கள் ஏற்கெனவே தீர்த்துவைத்த சிக்கல்களோடு மறுபடி மல்லுக்கு நிற்பார். நூலக உறுப்பினர் கட்டணம் யாருக்கும் சுமையாக இருக்காது.

எழுதியதை யாரிடம் காட்டுவது என்பதும் பெரிய பிரச்சினைதான். 1935-ல் ‘மணிக்கொடி’ சிறுகதை இதழாக மாறி ராமையாவின் பொறுப்பில் வந்தபோது, புதுமைப்பித்தனும் கு.ப.ரா.வும் பிச்சமூர்த்தியும் ஒருவரையொருவர் வாசித்தார்கள். மௌனியை எழுதத் தூண்டி அவருக்கு அந்தப் புனைபெயரைச் சூட்டியவரும் ராமையாதான் என்பது வரலாறு. செல்லப்பா 1959-ல் தொடங்கி 1970 வரை நடத்திய ‘எழுத்து’ ஒரு படி மேலே போய், படைப்பை வரிவரியாக அலசும் பழக்கத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. பாராட்டுகிற நண்பர் எல்லோருக்கும் கிடைப்பார். இந்தப் பத்தி வேண்டாம், இந்தப் பாத்திரம் இப்படிப் பேசமாட்டாள் என்று சொல்லும் நண்பர் அரிது. தமிழ்ப் பதிப்பகங்கள் பலவற்றில் எடிட்டர் என்று ஒருவர் இல்லாத நிலையில், க்ரியா ராமகிருஷ்ணன் போல வரிக்கு வரி உட்கார்ந்து வேலை பார்த்தவர்களை நாம் விதிவிலக்காகவே நினைவுகூர வேண்டியிருக்கிறது. ஆகவே திண்டுக்கல்லிலோ நத்தத்திலோ வேடசந்தூரிலோ இருப்பவர், நான்கு பேர் மாதம் ஒருமுறை கூடி ஒருவர் கதையை மற்றவர் கறாராகப் படிக்கும் ஏற்பாட்டைத் தாமே செய்துகொள்வது நல்லது. பணம் கட்டி அவசரமாக முதல் தொகுப்பைப் போடுவதைவிட, பத்துக் கதைகளில் ஏழை ஒதுக்கிவிட்டு மூன்றை இதழ்களுக்கு அனுப்பிக் காத்திருப்பது மேல். திரும்பி வந்த கதையை ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால், திருத்த வேண்டிய இடம் தானே கண்ணில் படும்.

எழுத்து சோறு போடாதே என்ற கவலைக்கு ஆறுதல் சொல்ல முடியாது, ஏனென்றால் அது உண்மை. செல்லப்பா தம் புத்தகங்களைத் தாமே சுமந்துபோய் ஊர் ஊராக விற்றவர். மூன்று பாகங்களில் விரிந்த ‘சுதந்திர தாகம்’ நாவலை எண்பது வயது கடந்த நிலையில் தாமே வெளியிட்டார். அதற்கான சாகித்திய அகாதமி விருது 2001-ல் வந்தபோது அவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தத் தியாகத்தை இளைஞர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். செல்வராஜுக்கு வழக்கறிஞர் தொழில் இருந்தது, பூமணிக்குக் கூட்டுறவுத் துறை வேலை இருந்தது, இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தார். அவர்கள் வேலை அவர்கள் எழுத்தைக் கெடுத்துவிடவில்லை. செல்வராஜ் விஷயத்தில் வேலைதான் நாவலுக்கான வாசலாகவும் இருந்தது. சம்பளம் வரும் வேலையை விட்டுவிட்டு எழுதப்போகிறேன் என்பவரிடம், வேலையில் இருந்துகொண்டே தினம் ஒரு பக்கம் எழுதுங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

எழுத விஷயம் தீர்ந்துவிட்டது என்று மட்டும் இந்தச் சமவெளியில் யாரும் சொல்ல முடியாது. சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் விரல்கள், நிலக்கோட்டையில் விடியுமுன் மல்லிகைக்கு விலை பேசும் வியாபாரிகள், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு லோடு ஏற்றும் இரவுகள், தொழிலாளர் விடுதிகளில் தங்கி மில்லுக்குப் போகும் பெண்கள், எல்லாம் இருக்கின்றன. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் ‘தோல்’ அளவுக்குப் பேசப்படும் ஒரு நாவல் பூட்டுப் பட்டறையிலிருந்து இன்னும் வரவில்லை. கையால் சாவி ராவும் வேலை தெரிந்த முதியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். எழுத நினைப்பவர் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இந்த மாதமே அவர்களில் ஒருவரைப் போய்ப் பார்க்கட்டும்.