கரையில் ஒரு கரிநெருப்பு

யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். மன்னிப்பின் பேரழகு ததும்பும் பகுதி அது. ஆனால் ‘உன்னை மன்னித்தேன்’ என்று அதில் யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

முதலில் பேதுரு கடலில் குதிப்பதைப் பாருங்கள். இரவெல்லாம் வெறும் வலையை இழுத்த ஏழு சீடர்கள், கரையில் நின்றவர் சொன்ன பக்கம் வலையை வீசியதும் அதை இழுக்க முடியாமல் திணறுகிறார்கள். நிற்பவர் உயிர்த்தெழுந்த ஆண்டவர் இயேசுதான் என்று தெரிந்த கணத்தில் பேதுருவுக்குப் பொறுக்கவில்லை. கரை ஏறத்தாழ இருநூறு முழத் தொலைவுதான், படகிலேயே போயிருக்கலாம். நீரில் இறங்குகிறவர் மேலாடையைக் களைவதுதான் வழக்கம். இவரோ அதை எடுத்து உடுத்திக்கொண்டு குதிக்கிறார்! தான் மறுதலித்தவரின் முன்னால் மரியாதையாகப் போய் நிற்க வேண்டும் என்ற தவிப்பும், போகாமல் இருக்க முடியாத அன்பும் அந்த ஈர ஆடையில் எத்தனை அழகாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

கரையில் கரிநெருப்பு கனன்றுகொண்டிருக்கிறது. யோவான் கரிநெருப்பைச் சொல்வது இரண்டே இடங்களில். இன்னொன்று தலைமைக் குருவின் முற்றம். இயேசு பிடிபட்ட, குளிர் மிகுந்த அந்த இரவில் காவலர்கள் மூட்டிய நெருப்பில் பேதுருவும் குளிர்காய்ந்தார். குளிர்காய்ந்தபடியே ‘நான் அவருடைய சீடன் இல்லை’ என்றார். இப்போது அதே வகை நெருப்பை ஆண்டவரே மூட்டி வைத்திருக்கிறார். இரண்டு நெருப்பையும் யோவான் இணைத்துக் காட்டுவதில்லை, ஒரு குறிப்புகூடத் தருவதில்லை. அந்தக் கரிப்புகையின் மணம் பேதுருவுக்கு எதையெல்லாம் நினைவூட்டியிருக்கும் என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறார். எவ்வளவு நுட்பமான மௌனம்!

நெருப்பின்மேல் மீன், உடன் அப்பம். வழக்கைப் பேசுமுன் இலையைப் போட்டு உட்காரவைக்கும் வீட்டுப் பெரியவரைப் போல, ‘வாருங்கள், சாப்பிடுங்கள்’ என்கிறார் இயேசு. அதிலும் ஒரு நயம். மீன் ஏற்கெனவே வெந்துகொண்டிருக்க, ‘நீங்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவாருங்கள்’ என்று கேட்கிறார். உடனே படகில் ஏறி வலையை இழுத்து வருபவர் பேதுருதான். அதில் 153 பெரிய மீன்கள். விருந்தை முழுவதும் தாமே வைத்திருந்தும், தவறியவருடைய கைக்கு அதில் ஒரு பங்கு கொடுக்கிற இரக்கம் இது.

இந்தக் கரை என்று மரபு சொல்லும் தப்காவில், 1933இல் பிரான்சிஸ்கன் துறவிகள் கருங்கல்லால் கட்டிய சிற்றாலயம் இருக்கிறது. ஆலயத்துக்குப் பேதுருவின் தலைமைப் பணியை ஒட்டிய பெயர். உள்ளே இருக்கும் பாறைக்கோ ‘கிறிஸ்துவின் மேசை’ என்று பெயர். எனக்கு அந்தப் பாறையின் பெயர்தான் இன்னும் பிடிக்கிறது.

சாப்பிட்டு முடிந்த பிறகே கேள்வி வருகிறது: என்னை நேசிக்கிறாயா? மறுத்தது மூன்று முறை. கேட்பதும் மூன்று முறை. மூன்றாம் முறை பேதுருவின் மனம் நொந்தது என்று யோவான் மறைக்காமல் எழுதுகிறார். காயத்தைத் தொடாமல் மருந்திட முடியாது. ஆனால் தொடுகிற விரல் எவ்வளவு மென்மையானது! முற்றத்தில் நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒவ்வொரு பதிலுக்கும் ஆடுகளை மேய்க்கும் பொறுப்புதான் கிடைக்கிறது. குற்றம் செய்தவரைப் பொறுத்துக்கொள்வது ஓர் அளவு. தனக்கு மிக அருமையானவர்களை அவர் கையிலேயே நம்பிக் கொடுப்பதற்கு அளவேது?

சகோதரனை எத்தனை முறை மன்னிக்க வேண்டும், ஏழு முறையா என்று மத்தேயு நற்செய்தியில் ஒருவர் கேட்பாரே, அவரும் இதே பேதுருதான். எழுபது தடவை ஏழு முறை என்று அன்று விடை கிடைத்தது. அன்று மன்னிக்கிறவரின் இடத்தில் நின்று கணக்குக் கேட்டவர், இன்று மன்னிப்புப் பெறுகிறவரின் இடத்தில் ஈர உடையோடு உட்கார்ந்திருக்கிறார்.

இத்தனைக்கும் பிறகு யோவான் வரைகிற கடைசிக் கோடுதான் எனக்கு மிக அருமை. ‘என்னைப் பின்பற்று’ என்ற அழைப்பைக் கேட்டு முடித்த பேதுரு, பின்னால் வரும், இயேசு நேசித்த சீடரைத் திரும்பிப் பார்க்கிறார். ‘ஆண்டவரே, இவருக்கு என்ன ஆகும்?’ என்கிறார். மன்னிக்கப்பட்டும் அவர் பழைய பேதுருவேதான்; அடுத்தவர் கணக்கைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ‘அதனால் உனக்கென்ன, நீ என்னைப் பின்தொடர்ந்து வா’ என்று மறுபடியும் அழைக்கிறார் இயேசு. கொடுத்த ஆடுகளை அவர் திரும்பக் கேட்கவில்லை.